கடலியலை எங்கிருந்து தொடங்குவது? புதிதாகப் படிப்போருக்கான வழிகாட்டி

கடலியல் படிக்க வருபவர்களில் பெரும்பாலோர் அலையிலிருந்தோ மீனிலிருந்தோ தொடங்குகிறார்கள். கண்ணுக்கு முதலில் படுவது அவைதான் என்பதால் இதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஆனால் அப்படித் தொடங்குபவர்களுக்கு நான்கைந்து அத்தியாயங்கள் தாண்டியதும் ஒரு சிக்கல் வருகிறது. நீரோட்டம் ஒரு தலைப்பாகவும், ஓதம் (கடல்நீரின் ஏற்ற வற்றம்) இன்னொரு தலைப்பாகவும், மீன்வளம் வேறொரு தலைப்பாகவும் தனித்தனியே நிற்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பு பிடிபடுவதில்லை. அந்தத் தொடர்பு பெரும்பாலும் நீரின் அடர்த்தியில்தான் இருக்கிறது. கடல் என்பது கலக்கிவைத்த ஒரே நீர் அல்ல. அடர்த்தி குறைந்த நீர் மேலேயும் மிகுந்த நீர் கீழேயுமாக அடுக்கடுக்காக அமைந்த ஒன்று. அந்த அடுக்கை எது உண்டாக்குகிறது, எது கலைக்கிறது, எது கலைக்க முடியாமல் தோற்கிறது என்று கேட்டுக்கொண்டே படித்தால், ஏனைய தலைப்புகள் தாமாகவே தத்தம் இடத்தில் வந்து அமர்ந்துவிடும். கீழே வரும் படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. பள்ளி அளவிலான இயற்பியலும் வேதியியலும் தெரிந்தவர் எவரும் இவற்றைப் பின்பற்றலாம்.

முதல் படி: அளவை மனத்தில் பதித்தல்

புவிப்பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காடு கடல். அதன் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். பசிபிக்கின் மரியானா அகழியில் உள்ள சேலஞ்சர் மடுவே மிக ஆழமான இடம். அது கிட்டத்தட்ட 10,900 மீட்டர் ஆழமுடையது. இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஏ4 தாள் ஒன்றை நீளவாட்டில் வைத்து, அதன் 30 சென்டிமீட்டர் நீளத்தைப் பசிபிக்கின் 15,000 கிலோமீட்டர் அகலமாகக் கொள்ளுங்கள். அப்போது ஒரு சென்டிமீட்டருக்கு 500 கிலோமீட்டர் வரும். அதே அளவுகோலில் 4 கிலோமீட்டர் ஆழம் என்பது 0.08 மில்லிமீட்டர். சாதாரணத் தாளின் தடிமனே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்பதால், அந்தத் தாளில் கடலை வரைய வேண்டிய தேவையே இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் தாள்தான் கடல்.

பாடநூல்களின் குறுக்குவெட்டுப் படங்கள் மீது எனக்குள்ள குறை இதில்தான். செங்குத்து அளவை நூறு மடங்கு பெருக்கி வரைந்துவிட்டு, அதைப் படத்தின் அடியில் சிறிய எழுத்தில்கூடக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். கண்டச் சரிவு என்ற பகுதி படத்தில் செங்குத்தான பாறைச் சுவர்போலத் தெரிகிறது. உண்மையில் அதன் சராசரிச் சாய்வு 4 பாகை அளவுதான், நீர் இல்லையென்றால் மூச்சு வாங்காமல் நடந்து ஏறிவிடலாம். கடல் அகலத்தில் மிகப் பெரியது, ஆழத்தில் மிக மெல்லியது என்பதை இப்போதே ஏற்றுக்கொண்டால், நீரோட்டங்கள் ஏன் பெரும்பாலும் கிடைமட்டமாகவே ஓடுகின்றன என்பது பின்னால் புதிராகத் தோன்றாது.

படுகையின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ள அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. கரையை ஒட்டி, ஏறத்தாழ 130 மீட்டர் ஆழம்வரை மெல்லச் சாயும் கண்டத்திட்டு; அதையடுத்துக் கண்டச் சரிவு; பிறகு 3,000 முதல் 6,000 மீட்டர் ஆழத்தில் விரியும் ஆழ்கடல் சமவெளி; அதற்கிடையே உலகைச் சுற்றி ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் நடுக்கடல் மலைத்தொடர். இந்த மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதை 1952-ஆம் ஆண்டு ஒலி ஆழமானியின் பதிவுகளிலிருந்து கண்டுபிடித்தவர் மேரி தார்ப். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற அனுமதி மறுக்கப்பட்டிருந்த அவர், பிறர் கொண்டுவந்த எண்களை வரைமேசையில் வைத்தே அதைக் கண்டார். அங்கே புதிய தரை பிறந்து இருபுறமும் விலகிச் செல்கிறது என்ற கருத்தை ஹாரி ஹெஸ் 1962-இல் வெளியிட்டார். மறு ஆண்டே வைன், மேத்யூஸ் இருவரும் கடல்தரையின் காந்தப் பட்டைகளைக் கொண்டு அதற்கு வலுவான சான்று தந்தார்கள். தரை விலகும் வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே. ஆயினும் பெருங்கடல்களின் தரையில் 18 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறை ஏறக்குறைய எங்கும் மிஞ்சவில்லை. பழையது அகழிகளின் வழியே உள்ளே இறங்கிவிட்டது.

ஒலி ஆழமானியின் கணக்கை ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். எதிரொலி 6 நொடியில் திரும்பினால் போக 3 நொடி, வர 3 நொடி. ஆகவே ஆழம் 4,500 மீட்டர். கப்பல் சென்ற இடத்தில் மட்டுமே இந்த அளவீடு கிடைக்கும் என்பதால், கடல்தரையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இன்றுவரை இப்படி நேரடியாக அளக்கப்பட்டுள்ளது. எஞ்சியதைச் செயற்கைக்கோள்கள், தரையிலுள்ள மலைகளின் ஈர்ப்பால் கடல்மட்டத்தில் உண்டாகும் சிறு மேடுபள்ளங்களைக் கொண்டு மறைமுகமாகவே மதிப்பிடுகின்றன.

இரண்டாம் படி: உப்பு, வெப்பம், அடர்த்தி

இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. ஒரு மாதம் ஆனாலும் இங்கேயே நின்று படிக்கலாம்.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் குளோரைடு 55 விழுக்காடு, சோடியம் 30 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மீதியில் சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவை பெரும்பங்கு. இங்கே கவனிக்க வேண்டியது பட்டியல் அல்ல, விகிதம். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்தாய்ந்து, 1884-இல் முடிவுகளை வெளியிட்டார். எந்தக் கடலிலிருந்து எடுத்தாலும், மொத்த உப்பின் அளவு கூடலாம் குறையலாம், ஆனால் முக்கிய அயனிகளுக்கு இடையிலான விகிதம் கிட்டத்தட்ட மாறவில்லை. செங்கடலில் உப்பின் அளவு 40 வரை ஏறும். பால்டிக்கின் நடுப்பகுதியில் 7 அளவுக்கு இறங்கும். நீர் ஆவியாவதும், மழையும் ஆறும் பனியும் நன்னீரைச் சேர்ப்பதும்தான் அளவை மாற்றுகின்றன. விகிதம் மாறாததால்தான், ஒவ்வோர் உப்பையும் தனித்தனியே அளக்காமல், நீரின் மின்கடத்துதிறனை மட்டும் அளந்து உப்புத்தன்மையைக் கணக்கிட முடிகிறது. கப்பல்களில் கம்பியில் கட்டி இறக்கப்படும் சி.டி.டி. என்ற கருவி செய்வது இதைத்தான்: மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பதிவு செய்கிறது.

உப்பு கூடினால் அடர்த்தி கூடும். வெப்பம் கூடினால் அடர்த்தி குறையும். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில், 28 பாகை செல்சியஸ் வெப்பமும் 34 உப்புத்தன்மையும் உடைய நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 1,022 கிலோகிராம். அடியில் உள்ள 2 பாகை நீரை அழுத்தமின்றி மேலே கொண்டுவந்து அளந்தால் ஏறத்தாழ 1,028. வேறுபாடு வெறும் 6 கிலோகிராம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத இந்த வேறுபாடுதான், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் நிறுத்தி வைத்திருக்கிறது.

இதை நம்புவதற்குச் சோதனை ஒன்றைச் செய்து பார்த்துவிடுவது நல்லது. நீளமான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, இரண்டு சொட்டு நீல மை விட்டு, பாத்திரத்தைப் பாதிவரை நிரப்புங்கள். பிறகு நன்னீரை ஒரு கரண்டியின் முதுகில் விட்டு, மேலே வழியும்படி மிக மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் இரண்டும் கலந்துபோய், எல்லாம் வெளிர்நீலமாகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சரியாகச் செய்தால் நீலத்துக்கும் தெளிந்த நீருக்கும் நடுவே கூர்மையான கோடு ஒன்று தெரியும். இப்போது பாத்திரத்தின் ஒரு முனையை ஒரு விரல் அளவு உயர்த்திச் சட்டென்று கீழே வையுங்கள். மேற்பரப்பு ஓரிரு நொடிகளில் அமைதியாகிவிடும். ஆனால் நீலக் கோடு மட்டும் மெல்ல, சோம்பலாக, முன்னும் பின்னும் சாய்ந்தாடிக்கொண்டே இருக்கும். மேற்பரப்பில் நீருக்கும் காற்றுக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு ஏறத்தாழ எண்ணூறு மடங்கு. நீலக் கோட்டின் இருபுறமும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு இரண்டரை மட்டுமே. கோட்டை மீண்டும் சமநிலைக்கு இழுக்கும் விசை அந்த அளவுக்குச் சிறியது என்பதால்தான் ஆட்டம் இவ்வளவு மெதுவாக நடக்கிறது. நார்வே நாட்டு ஆய்வாளர் நான்சென் தமது ஃபிராம் கப்பலில் 1893-இல் ஆர்க்டிக் நோக்கிச் சென்றபோது, எந்திரம் முழு விசையில் ஓடியும் கப்பல் நகர மறுத்தது. மேலே மெல்லிய நன்னீர் அடுக்கு, கீழே உப்புநீர். கப்பலின் ஆற்றல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அந்த இடைக்கோட்டில் அலை எழுப்புவதிலேயே செலவாகிவிட்டது. உங்கள் பாத்திரத்தில் ஆடுவதும் அதே வகை அலைதான்.

நன்னீருக்கும் கடல்நீருக்கும் உள்ள இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். நன்னீர் 4 பாகையில் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் மீண்டும் இலேசாகி மேலேயே தங்கிவிடும். உப்புத்தன்மை 24.7-ஐத் தாண்டிய நீருக்கு இந்த விலக்கு இல்லை. அது உறையும்வரை, அதாவது ஏறத்தாழ மைனஸ் 1.9 பாகைவரை, குளிரக் குளிர அடர்த்தியாகிக்கொண்டே போகும். ஏரியில் நிகழாத ஆழ்மூழ்கல் கடலில் நிகழ்வதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாம் படி: ஒரு செங்குத்து வரைபடத்தைப் படிக்கப் பழகுதல்

கடலியலாளருக்கு வெப்பநிலை வரைபடம், மருத்துவருக்கு இதயத்துடிப்பு வரைபடம் எப்படியோ அப்படி. ஆர்கோ என்ற பன்னாட்டுத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4,000 மிதவைக் கருவிகள் உலகக் கடல்களில் உலவுகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர்வரை இறங்கி, அங்கிருந்து மேலேறும்போது வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடியும் மூழ்குகிறது. இந்தத் தரவுகள் அனைத்தும் எவரும் இலவசமாக எடுத்துப் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. கடலியலுக்குக் கப்பல் வேண்டும் என்ற காலம் மாணவரைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது.

வரைபடத்தில் ஆழம் மேலிருந்து கீழாகக் கூடும். இது முதலில் சற்றுக் குழப்பும். வெப்பமண்டலக் கடலின் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு மேலிருந்து வாருங்கள். முதல் சில பத்து மீட்டர்களில் கோடு ஏறக்குறைய நேராக இறங்கும். காற்று கலக்கிவைத்த அடுக்கு அது. பிறகு கோடு திடீரென இடப்பக்கம் சாயும். நூறு இருநூறு மீட்டருக்குள் வெப்பநிலை பத்து பாகைக்கு மேல் விழுந்துவிடும். இதைத் தெர்மோக்ளைன் என்பார்கள். வெப்பச் சரிவு அடுக்கு என்று தமிழில் சொல்லலாம். அதற்குக் கீழே கோடு மறுபடி நிமிர்ந்து, 2,000 மீட்டரில் 2 அல்லது 3 பாகையில் வந்து நிற்கும். கொதிக்கும் வெயில் அடிக்கும் நிலநடுக்கோட்டுக் கடலிலும் அடிநீர் இப்படிக் குளிர்ந்திருப்பது ஏன் என்று கேட்கத் தோன்றினால், ஐந்தாம் படிக்கான கேள்வி உங்களிடம் வந்துவிட்டது.

அடுத்து உப்புக் கோடு. தென்னரைக்கோளத்தில் பல இடங்களில் 700 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில் உப்புத்தன்மை குறைந்து, பிறகு மீண்டும் கூடும். அங்கே மழை பெய்ய வழியில்லை, ஆறும் இல்லை. அந்த நீர் அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடற்பரப்பில், உப்புக் குறைந்த இடத்தில் கீழிறங்கி, வெப்பநிலையையும் உப்பையும் முகவரிபோலச் சுமந்துகொண்டு வடக்கே வந்தது. மேற்பரப்பை விட்டு இறங்கிய நீர், பிற நீரோடு கலந்தாலன்றித் தன் முகவரியை இழப்பதில்லை. வெப்பநிலையை ஓர் அச்சிலும் உப்பை மற்றோர் அச்சிலும் வைத்து ஒவ்வோர் ஆழத்தையும் ஒரு புள்ளியாகக் குறித்தால், வெவ்வேறு இடத்து நீர்கள் வெவ்வேறு முனைகளாகத் தனித்துத் தெரியும். ஐந்து வரைபடங்களையாவது உங்கள் கையால் இப்படி வரையுங்கள். கணினி வரைந்து கொடுப்பதைப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

நான்காம் படி: காற்று, சுழற்சி, நீரோட்டம்

காற்று அடிக்கும் திசையில் நீர் போகும் என்பதுதான் எல்லோருடைய முதல் எண்ணம். முன்னே சொன்ன அதே ஃபிராம் பயணத்தில், பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு 20 முதல் 40 பாகை வலப்புறமாக விலகிச் செல்வதை நான்சென் கவனித்தார். இதற்கு ஸ்வீடன் நாட்டுக் கடலியலாளர் வாகன் வால்ஃபிரிட் எக்மன் விளக்கம் தந்தார். சுழலும் புவியில் நகரும் எதுவும் வடவரைக்கோளத்தில் வலப்புறமும் தென்னரைக்கோளத்தில் இடப்புறமும் விலகும். இது கொரியோலிஸ் விளைவு. மேல்நீர் அடுத்த அடுக்கை இழுக்க, அது இன்னும் சற்று விலக, அதற்கடுத்தது மேலும் விலக, மொத்தத்தில் காற்றால் தள்ளப்படும் நீர் காற்றுக்குச் செங்கோணத்தில் நகர்கிறது. கைகழுவும் தொட்டியில் நீர் சுழன்று இறங்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த அளவில், அந்தச் சில நொடிகளில், புவிச்சுழற்சியின் விளைவு பொருட்படுத்தத் தக்கதல்ல.

இந்தச் செங்கோண நகர்வைப் பிடித்துக்கொண்டால் இரண்டு பெரிய செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, மேலெழுச்சி. பெருவின் கரையோரமாகக் காற்று தெற்கிலிருந்து வடக்கே வீசுகிறது; அது தென்னரைக்கோளம் என்பதால் மேல்நீர் இடப்புறமாக, அதாவது மேற்கே, கடலுக்குள் தள்ளப்படுகிறது. விட்டுப்போன இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் ஏறிவருகிறது. கலிஃபோர்னியா, பெங்குவேலா, கேனரி நீரோட்டக் கரைகளிலும் இதே கதைதான். சில ஆண்டுகளில் பசிபிக்கில் கிழக்கிலிருந்து மேற்கே வீசும் வணிகக்காற்று தளரும்போது, மேற்கே குவிந்திருந்த வெந்நீர் கிழக்கே பரவி, பெருவின் பக்கம் வெப்பச் சரிவு அடுக்கு ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. காற்று நீரை மேலே இழுத்தாலும், வருவது சத்தற்ற வெந்நீரே. எல் நீனோ என்று நாம் கேள்விப்படுவது இது.

இரண்டாவது, பெருஞ்சுழல்கள். காற்று வளையங்கள் நீரைப் பெருங்கடலின் நடுவே குவிப்பதால் அங்கே கடல்மட்டம் சற்று உயர்ந்து நிற்கிறது. மேட்டிலிருந்து நீர் வழிந்து இறங்க வேண்டும். ஆனால் வழியத் தொடங்கியதும் கொரியோலிஸ் விளைவு அதைத் திருப்ப, கடைசியில் நீர் மேட்டைச் சுற்றி ஓடுகிறது. கடலில் நீர் சரிவின் வழியே இறங்குவதில்லை, சரிவின் ஓரமாகவே ஓடுகிறது என்ற இந்த ஒரு வாக்கியம் புரிந்துவிட்டால் பாதிக் கடலியல் புரிந்தது என்றே சொல்லுவேன். வட அட்லாண்டிக்கில் அமெரிக்கக் கரையோரமாக ஓடும் வளைகுடா நீரோட்டத்தின் இரு ஓரங்களுக்கும் இடையே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலத்தில், கடல்மட்ட வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான். அந்த ஒரு மீட்டரே நொடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்கி நிற்கிறது. 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்–போசைடன் செயற்கைக்கோள் 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இந்த மேடுபள்ளங்களைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்தது.

வளைகுடா நீரோட்டம், ஜப்பானை ஒட்டிய குரோஷியோ, தென்னாப்பிரிக்காவை ஒட்டிய அகுல்யாஸ் போன்ற விரைவான ஓட்டங்கள் எல்லாம் பெருங்கடல்களின் மேற்கு ஓரத்திலேயே ஏன் நெருக்கிக் கிடக்கின்றன என்ற கேள்விக்கு 1948-இல் ஹென்றி ஸ்டொம்மெல் விடை கண்டார். கொரியோலிஸ் விளைவு நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கிக் கூடிக்கொண்டே போகிறது; அது எங்கும் ஒரே அளவாக இருந்திருந்தால் சுழல் இருபுறமும் ஒத்திருக்கும், கூடுவதால் மேற்கே இறுகுகிறது. கணிதம் தெரிந்தவர்கள் இதை அவருடைய சமன்பாடுகளோடு படிக்க வேண்டும். தெரியாதவர்கள் இப்போதைக்கு முடிவை ஏற்றுக்கொண்டு நகரலாம்.

நீரோட்டத்தின் அளவைச் சொல்ல ஸ்வெர்ட்ரப் என்ற அலகு பயன்படுகிறது: நொடிக்கு 10 லட்சம் கனமீட்டர். உலகின் ஆறுகள் அனைத்தும் சேர்ந்து கடலில் கொட்டுவது ஒரு ஸ்வெர்ட்ரப்பை விடச் சற்றே அதிகம். ஃபுளோரிடா நீரிணையில் மட்டும் வளைகுடா நீரோட்டம் கொண்டுசெல்வது ஏறத்தாழ 30.

ஐந்தாம் படி: ஆழ்நீர் எங்கிருந்து வருகிறது?

கடலின் அடிநீர் மிகச் சில இடங்களில்தான் உருவாகிறது: வட அட்லாண்டிக்கில் கிரீன்லாந்தைச் சூழ்ந்த கடல்கள், லாப்ரடார் கடல், அண்டார்க்டிகாவின் வெட்டல், ராஸ் கடல்கள். குளிர்காற்று வெப்பத்தைப் பறிக்கிறது; கடல்நீர் உறையும்போது பனி பெருமளவு உப்பை வெளியே தள்ளுவதால் எஞ்சிய நீர் இன்னும் கனக்கிறது; கனத்த நீர் இறங்கி, தரையோடு தரையாகப் பரவி, நிலநடுக்கோட்டைக் கடந்து செல்கிறது. வெப்பமண்டலத்து அடிநீரின் குளிர்ச்சிக்குக் காரணம் இதுவே. காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14 அளவைக் கொண்டு பார்த்தால், வட பசிபிக்கின் ஆழ்நீர் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இதை விளக்க, உலக வரைபடத்தின் மேல் சிவப்பும் நீலமுமாக ஒரே நாடா ஓடும் படம் எல்லா இடத்திலும் அச்சாகிறது. அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள் என்பதே என் யோசனை. ஆழ்நீர் ஒற்றைத் தடத்தில் ஓடும் நாடா அல்ல. அது பரவுகிறது, சுழல்களில் சிக்குகிறது, கலக்கிறது. அதைவிட முக்கியமானது, கனத்த நீர் இறங்குவது மட்டும் கதையை முடிப்பதில்லை என்பது. இறங்கிய நீர் மீண்டும் ஏற வேண்டும்; அடுக்குக்கு எதிராக ஏற ஆற்றல் வேண்டும். ஓத நீர் கடலடி மலைகளில் மோதி நீரடுக்குகளுக்கிடையே எழுப்பும் உள்ளலைகள் ஒரு பகுதியைத் தருகின்றன. தென்பெருங்கடலின் மேலைக்காற்று ஆழ்நீரை மேலே இழுத்து இன்னொரு பகுதியைத் தருகிறது. காற்றும் நிலவும் இல்லையென்றால் கடல் அடியில் குளிர்நீர் தேங்கி, ஏறக்குறைய அசைவற்றுப் போயிருக்கும்.

ஆறாம் படி: அலையும் ஓதமும்

அலைகளை இவ்வளவு பின்னே தள்ளியதற்குக் காரணம், அவை நீரை அதிகம் இடம்பெயர்ப்பதில்லை என்பதே. காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசும் தொலைவு ஆகிய மூன்றும் அலையின் பருமனை முடிவு செய்கின்றன. ஆழ்கடலில் 10 நொடிக்கு ஒன்றாக வரும் அலையின் நீளம் ஏறத்தாழ 156 மீட்டர். நீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே, அதாவது 80 மீட்டரில், அந்த அலை இருப்பதே தெரியாது. ஆழிப்பேரலை இதற்கு நேர்மாறு. அதன் நீளம் நூறு கிலோமீட்டர் கணக்கில் இருப்பதால், கடல் முழுவதும் அதற்கு ஆழமற்ற குட்டைதான். ஈர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அதன் வேகம் கிடைக்கும்: 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் 36. முன்பகுதி கரையருகே வேகம் குறைய, பின்பகுதி வந்து நெருக்க, அலை உயர்கிறது.

ஓதத்துக்கு நிலவின் ஈர்ப்பு முதற்காரணம். சூரியனின் பங்கு அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் மிகுந்து, இடைப்பட்ட அரைநிலவு நாள்களில் குறைகின்றன. ஆனால் புவியின் இருபுறமும் நீர் புடைத்து நிற்பதாகக் காட்டும் படத்தை அப்படியே நம்ப வேண்டாம். குறுக்கே கண்டங்கள் இருப்பதால் நீர் அப்படிப் புடைத்து நிற்க முடிவதில்லை. ஒவ்வொரு படுகையிலும் நீர் தன் இயல்பான தாளத்தில் சுழன்று ஆடுகிறது. படுகையின் தாளம் நிலவு எழுப்பும் ஓதத்தின் 12 மணி 25 நிமிட இடைவெளியோடு பொருந்திவிட்டால் ஆட்டம் பெருகும்; கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 16 மீட்டர்வரை வேறுபாடு எழுவது அப்படித்தான்.

ஏழாம் படி: ஒளி மேலே, சத்து கீழே

இப்போது உயிர்களுக்கு வரலாம். ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும். அது தெளிந்த கடலிலும் 200 மீட்டருக்குக் கீழே போதுமான அளவு செல்வதில்லை. நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகளும் வேண்டும். அவையோ இறந்த உயிர்களோடு கீழே விழுந்து, ஆழத்தில் கரைந்து குவிகின்றன. ஒளி மேலே, சத்து கீழே, நடுவே நாம் இரண்டாம் படியில் பார்த்த அந்த அடுக்கு. கடலில் எங்கே உயிர் செழிக்கும் என்று கேட்டால், அந்த அடுக்கு எங்கே உடைகிறது என்று திருப்பிக் கேட்டாலே போதும்: மேலெழுச்சிக் கரைகள், குளிர்காலத்தில் புயல் கலக்கும் உயர் அகலாங்குக் (அட்சரேகை) கடல்கள். பெருஞ்சுழல்களின் நடுப்பகுதி அழகிய ஆழ்நீல நிறத்தில் இருப்பது, அங்கே உண்ண ஒன்றும் இல்லை என்பதற்கான அறிகுறி. விதிவிலக்கும் உண்டு. தென்பெருங்கடலிலும் நிலநடுக்கோட்டுப் பசிபிக்கிலும் நைட்ரேட் மிஞ்சிக் கிடக்கிறது, உயிர் பெருகுவதில்லை, குறைவது இரும்பு. 1993-இல் பசிபிக்கில் இரும்பைத் தூவிச் செய்த சோதனையில் மிதவைத் தாவரங்கள் பெருகியது இதைக் காட்டியது.

கண்ணுக்குத் தெரியாத இந்த மிதவைத் தாவரங்கள் புவியின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதியைச் செய்கின்றன. இவற்றின் உடலில் ஒரு பகுதி கீழே விழும்போது கார்பனும் ஆழத்துக்குப் போகிறது. சுண்ணாம்பு ஓடுகள் 4,000 முதல் 5,000 மீட்டர் ஆழம்வரை தரையில் படியும். அதற்குக் கீழே கரைந்துவிடும். ஆகவே கடலடி மலைகளின் உச்சி மட்டும் பனி மூடியதுபோல் வெளுத்திருக்க, பள்ளங்களில் செந்நிறக் களிமண் கிடக்கும்.

மனிதர் வெளியிடும் கார்பன் டைஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. மேற்பரப்பு நீரின் பி.எச். மதிப்பு அதனால் 8.2-இலிருந்து 8.1 அளவுக்கு இறங்கியுள்ளது. புவியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடும் கடலுக்கே போகிறது. வெப்பம் மேலிருந்து வருவதால் மேலடுக்கு இன்னும் இலேசாகி, அடுக்கு மேலும் உறுதிப்படுகிறது. சத்து மேலே வருவதும் ஆக்சிஜன் கீழே போவதும் கடினமாகின்றன.

எட்டாம் படி: கையால் செய்ய வேண்டியவை

படிப்போடு சேர்த்து மூன்று பயிற்சிகளைத் தொடங்கிவிடுங்கள். கடல் அருகில் இருந்தால், ஏதாவது ஒரு துறைமுகத்தின் ஓத அட்டவணையை எடுத்து, ஒரு முழு நிலவுமாதம் ஏற்ற வற்ற நேரங்களை நீங்களே பார்த்துக் குறித்து, அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதும், காற்று பலமாக வீசிய நாளில் கணக்குப் பிசகுவதும் தெரியும். நீர்நிலை எதுவானாலும், 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெள்ளைத் தட்டை அளவு குறித்த கயிற்றில் கட்டி இறக்கி, அது மறையும் ஆழத்தைப் பதிவு செய்யுங்கள். ஏஞ்சலோ செக்கி 1865-இல் செய்த இந்த எளிய முறை இன்றும் வழக்கில் உள்ளது. தட்டு சீக்கிரம் மறைந்தால் நீரில் மிதவைத் தாவரமோ வண்டலோ மிகுதி. தட்டைத் தனியாகச் சென்று இறக்க வேண்டாம்.

மூன்றாவது பயிற்சிக்குக் கணினி போதும். ஆர்கோ தரவிலிருந்து மூன்று வரைபடங்களை எடுங்கள்: ஒன்று நிலநடுக்கோட்டருகே, ஒன்று நடு அகலாங்கில், ஒன்று துருவத்தை ஒட்டி. மூன்றிலும் கலக்கப்பட்ட அடுக்கையும் சரிவு அடுக்கையும் பென்சிலால் குறியுங்கள். முதல் இரண்டும் எளிதாக வந்துவிடும். மூன்றாவதில் குழப்பம் வரலாம்: மேலே மைனஸ் ஒன்றரைப் பாகை, சில நூறு மீட்டர் கீழே பூச்சியத்துக்கும் மேல். குளிர்நீர் மேலேயும் வெந்நீர் கீழேயும் இருக்கிறது. கருவி பழுது என்று நினைத்து அந்த வரைபடத்தைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. போடாதீர்கள். அதே கோட்டுக்குப் பக்கத்தில் உப்புக் கோட்டை வரைந்து பாருங்கள். மேல்நீரில் உப்பு மிகக் குறைவாக இருக்கும். அவ்வளவு குளிர்ந்த நீரில் வெப்பநிலை மாற்றம் அடர்த்தியைப் பெரிதாக அசைப்பதில்லை, அங்கே அடுக்கை நிறுத்தி வைத்திருப்பது உப்புதான். அந்த உப்பு எங்கே குறைந்தது, பனி உருகியதாலா ஆறு கலந்ததாலா என்று தேடத் தோன்றினால், அடுத்த வரைபடத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.